மெழுகோடு திரும்பியவன்

அயல்நாட்டில் மூன்று வருஷம் ஆங்கில ஆசிரியனாக இருந்துவிட்டு மாமல்லபுரத்துக்குத் திரும்பியபோது இலக்கிய நண்பர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "புலம்பெயர் கவிதை ஏதாவது தேறியதா?"

தேறவில்லை. தேறாததே நல்லது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து ஓடியவர்கள் அந்த வார்த்தைக்கு விலை கொடுத்தவர்கள். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, திரும்பிவர டிக்கெட்டும் வைத்துக்கொண்டு போனவன். சம்பளத்துக்குப் போனவன் அகதியின் துக்கத்தைக் கடன் வாங்கி எழுதுவது பாசாங்கு. நம்மிடையே இந்தப் பாசாங்குக்குத்தான் மதிப்பு. வாடகை அறை, ஜன்னல், மழை, 'நான் யார்' என்றொரு கேள்வி. போதும். ஊருக்குப் பெயர்கூட வேண்டியதில்லை.

நான் இருந்த ஊருக்குப் பெயர் உண்டு. அடிஸ் அபாபா. ஊட்டியைவிடச் சற்று உயரம். 1974இல் பதவி பறிக்கப்பட்ட பேரரசர் ஹைலே செலாஸியின் காலத்திலேயே இந்திய வாத்தியார்கள் போய்ச் சேர்ந்த நாடு எதியோப்பியா. உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழி. அதனால் எனக்கு வேலை இருந்தது. அதனாலேயே ஊர் கிடைக்காமல் போயிற்று.

முதல் வாரம் ஒரு மாணவன் "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்றான். பிற்பகல் இரண்டுக்குக் காத்திருந்தேன். அவன் காலை எட்டு மணிக்கே வந்து போயிருந்தான். அவர்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழுதான் ஒரு மணி. உதயாதி நாழிகை பார்த்து ஜாதகம் கணிக்கும் ஊரிலிருந்து போனவனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். நான் அவன் ஆங்கிலத்தைத் திருத்தினேன்.

அம்ஹாரிக் எழுத்து நம் உயிர்மெய் மாதிரி. ஒவ்வொரு மெய்யும் உயிருக்கேற்ப ஏழு வடிவம் கொள்ளும். சில மாதங்களில் எழுத்துக்கூட்டியிருக்கலாம். இரண்டு வருஷம் கடைப் பலகைகளைச் சித்திரம்போலப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வகுப்பில் ஷேக்ஸ்பியர் நடத்தினேன். ட்ஸெகாயே கெப்ரெ மெத்ஹின் (1936–2006) என்ற கவிஞர் ஹாம்லெட்டையும் ஒதெல்லோவையும் அம்ஹாரிக்கில் கொண்டுவந்தவர் என்பது மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது.

அப்போதுதான் அவர்கள் கவிதை மரபின் 'மெழுகும் பொன்னும்' பற்றியும் கேள்விப்பட்டேன். வரியின் மேலே தெரியும் பொருள் மெழுகு. அதை உருக்கி ஓடவிட்டால் கிடைக்கும் மறைபொருள் பொன். மெழுகில் உருச்செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் தொழிலிலிருந்து வந்த பெயர். நம் செப்புத் திருமேனிகளை வார்த்ததும் இப்படித்தான். 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி என் ஊரில் இருக்கிறது. உலோகச் சிற்பம் அங்கே பாடம். இரட்டுற மொழிய நமக்குக் காளமேகம் உண்டு. தொழிலும் கவிதையும் என் வாசலிலேயே இருந்திருக்கின்றன. ஆங்கில இலக்கியத்தில் வாங்கிய எம்.ஏ. பட்டம் இரண்டையும் பார்க்க விடவில்லை.

ஆங்கிலம் உலகத்தின் ஜன்னல் என்கிறார்கள் நம் விமர்சகர்கள். எந்த உலகத்தின்? லண்டனும் நியூயார்க்கும் முத்திரை குத்தி அனுப்பிய உலகத்தின். காஃப்காவையும் போர்ஹேயையும் ஆங்கிலம் வழியே படித்தது குற்றமில்லை. அந்தத் தரகுக் கடையில் இல்லாத சரக்கு உலகத்திலேயே இல்லை என்று நம்பியது குற்றம். ஓர் அம்ஹாரிக் கவிஞனைப் பற்றி விவாதித்த சிற்றிதழ்ப் பக்கம் என் கண்ணில் பட்டதில்லை. மூன்று வருஷம் அங்கே சோறு தின்ற நானும் எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறுகிறவன் நான்தான்.

ஐந்து ரதத்தருகே மாக்கல் பிள்ளையார் விற்கும் பையன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். பிரெஞ்சுக்காரர்களிடம் பிரெஞ்சில் பேரம் பேசுகிறான். எப்படிக் கற்றுக்கொண்டாய் என்றேன். "அவங்க பேசறத மொதல்ல கேட்டுக்குவேன் சார்."

நான் பேசப் போனவன். கேட்கப் போகவில்லை. அந்நியமாதல் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதில் பெரும்பகுதி, காது கொடுக்க மறுத்தவனின் புலம்பல்.

நண்பருக்குப் பதில் இதுதான்: கவிதை தேறவில்லை. அம்ஹாரிக் எழுத்துகளில் பாதி தேறியிருக்கிறது. மீதியையும் படித்துவிட்டுப் பிறகு பேசுகிறேன்.