சிறு வியாபாரிகளும் விளம்பரச் செலவும்

கடை வாடகை எவ்வளவு, ஆள் சம்பளம் எவ்வளவு, கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டால், நமது சிறு வியாபாரிகள் உறக்கத்தில் எழுப்பினாலும் தவறாமல் விடை சொல்வார்கள். கடையின் பெயரைப் பொதுஜனங்களிடையே பரப்புவதற்கு வருஷத்தில் என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாலோ, "கையில் இருக்கும்போது செய்வோம்" என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. இந்த விடையில்தான் அபாயம் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

கையில் பணம் புரளும் காலம் விற்பனை செழித்திருக்கும் காலம். அப்பொழுது விளம்பரத்துக்கு அவசியம் குறைவு. வியாபாரம் மந்தமானபோதோ கல்லாப்பெட்டி காலியாயிருக்கும். அந்தச் சமயத்தில் எதிர்க்கடைக்காரர் சுவரெல்லாம் படம் ஒட்டியதையும், ஜனங்களின் கைப்பேசிகளிலெல்லாம் அவர் பெயரே தோன்றுவதையும் கண்டு மனங்கலங்கி, வீட்டு நகையை அடகு வைத்து விளம்பரம் செய்யத் துணிகிறவர்கள் உண்டு. போட்டிக்காகக் கடன் வாங்கிச் செய்யும் விளம்பரம், கடையைப் பிரசித்தமாக்குவதற்கு முன்பே அதை மூடிவிடவும் கூடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி வியாபாரிக்கென்றே ஏற்பட்டது போலும்!

அளப்பது எப்படி? விற்பனைத் தொகையைப் பார்த்து மயங்குதல் கூடாது. சரக்கின் விலை போக மிஞ்சுவதையே பார்க்கவேண்டும். வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனையுள்ள ஓர் ஊறுகாய் வியாபாரியை உதாரணமாகக் கொள்வோம். ரூபாய்க்கு 30 காசு மிச்சமானால் அவருக்குக் கிடைப்பது 3,60,000 ரூபாய். வாடகைக்கும் கூலிக்கும் வட்டிக்கும் 2,40,000 ரூபாய் போனால், குடும்பத்துக்கும் தொழில் அபிவிருத்திக்கும் நிற்பது 1,20,000 ரூபாயே. இவர் விற்பனையில் நூற்றுக்கு மூன்று வீதம், அதாவது 36,000 ரூபாய், விளம்பரத்துக்கு ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் திரும்புவதற்கு 36,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றால் போதாது. 1,20,000 ரூபாய்க்கு அதிகப்படியாக விற்றாகவேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவர் கண்ட இடத்திலெல்லாம் காசை இறைக்கமாட்டார். ஆகவே வருஷாரம்பத்திலேயே தொகையை நிர்ணயித்து, பேரேட்டில் தனித் தலைப்பிட்டு, வாடகையைப்போல் மாதந்தோறும் எடுத்துவைப்பதே முறை.

அந்தத் தொகையில் பெரும் பங்கு சரக்கைப் பேசவைப்பதற்குச் செலவாகவேண்டும். 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தை ஆரம்பித்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாக விநியோகித்தார். தலைவலி தீர்ந்தவர் ஒவ்வொருவரும் அவருக்குச் சம்பளமில்லாத பிரசாரகராயினர். 1983-ல் கடலூரில் 15,000 ரூபாய் முதலுடன் தொழில் தொடங்கிய சி. கே. ரங்கநாதன், காலி ஷாம்புப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுப்போருக்குத் தமது சிக் ஷாம்புப் பொட்டலத்தை இலவசமாகக் கொடுத்து வாடிக்கையைப் பெருக்கினார். இதிலும் கணக்கு மறத்தலாகாது. இலவச மாதிரிகளாகக் கொடுக்கும் சரக்குக்கு, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள 2017-ம் வருஷத்து ஜி.எஸ்.டி. சட்டம் இடந்தரவில்லை. அந்த வரியையும் செலவிலேயே சேர்த்து எழுதவேண்டும்.

மற்றொரு பங்கைத் தொடாமல் வைத்திருப்பது உசிதம். சரக்கில் பழுது நேர்ந்து வாடிக்கைக்காரர் முறையிட்டால், வாதாடாமல் மாற்றிக் கொடுக்கவும், நடந்ததை ஜனங்களுக்கு ஒளிக்காமல் சொல்லவும் அது பயன்படும். நாணயம் என்ற பெயரைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. பொய் விளம்பரமோ பெயரை மட்டுமன்றி முதலையும் விழுங்கிவிடும். தவறான விளம்பரம் செய்யும் உற்பத்தியாளருக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதிகாரம் அளித்திருக்கிறது.

பத்திரிகை நடத்தும் நாமும் விளம்பர வருமானத்தை நம்பியிருப்பவர்களே. ஆயினும் ஒன்று கூறுவோம். நான்கு தெருக்களுக்குள் வியாபாரம் செய்பவர் ஜில்லா முழுவதும் பரவும் பத்திரிகையில் பெரும் பக்கம் வாங்குவது வீண். அவருக்கு வீடுதோறும் கொடுக்கும் துண்டுப் பிரசுரமே போதும். அதைவிட முக்கியமானது, விளம்பரத்தைச் செய்திபோல் வெளியிடுவதற்குப் பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்கலாகாது. இரண்டும் வேறு வேறு என்று வாசகருக்கு விளங்கும்படி வெளியிடவேண்டுமென்பது இந்தியப் பத்திரிகைக் கவுன்ஸிலின் விதி. அதை மீறி விலைக்கு வாங்கிய புகழ்ச்சி, வாங்கியவரையும் விற்றவரையும் ஒருங்கே இழிவுபடுத்தும்.

பெருமுதலாளியோடு பணத்தை இறைப்பதில் போட்டியிட்டுச் சிறு வியாபாரி ஒருநாளும் ஜயிக்கமாட்டார். அளவறிந்து செலவிடுவதிலும், சொன்ன சொல்லைக் காப்பதிலும் அவரைத் தோற்கடிப்பவரும் இல்லை. அடுத்த கணக்கு வருஷத்துக்குப் பேரேடு திறக்கும்போது இந்தத் தலைப்பையும் அதில் எழுதுவார்களாக.