கழித்தெறியும் அரளியும் கால்நடைகளும்

அரளி விஷச்செடி என்பதை அறியாத குடியானவர் இல்லை. வெட்டிக் காய்ந்தபின் அதன் விஷம் நீங்கிவிடும் என்னும் எண்ணமே கேடு விளைவிப்பது.

2024-ஆம் வருஷம் மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கின. ஆலப்புழை ஜில்லாவில் ஓர் இளம்பெண் அரளியிலையை மென்று இறந்ததாகக் கருதப்பட்டதே காரணம். உண்ணும் பொருளில் அதை விலக்கியது நியாயமே. அதுகொண்டு செடியையே ஒழிக்கவேண்டும் என்பது பொருந்தாது. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பக்கத்தில் அரளிப்பூ சாகுபடியால் பிழைப்போர் பலர். திருவள்ளூர் ஜில்லாவில் அஞ்சவேண்டியது பூவன்று, கழித்த கிளையே.

செவ்வரளி, வெள்ளரளிகளின் இலை குறுகி நீண்டு, தோல்போல் தடித்து, பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக நிற்கும். மஞ்சளரளி வேறினம், இலை தனித்தனியாக அமையும், ஒடித்தால் பால் வடியும். அதன் காயைச் சிறுவர் விளையாட எடுப்பர்; விதை கொடிய நஞ்சு. இவற்றின் விஷம் இருதயத்தையே தாக்குவது. வாந்தி, மயக்கம் தோன்றி, நாடி தளர்ந்து ஒழுங்கு தவறும்.

பச்சையிலை கசப்பாதலின் மாடு எளிதில் தின்னாது. வாடியபின் கசப்புக் குறையும், விஷம் குறையாது. 300 கிலோ எடையுள்ள பசுவைக் கொல்லச் சுமார் 15 கிராம் உலர்ந்த இலை போதும். வைக்கோலில் ஒரு பிடி கலந்தால் தொழுவமே காலியாகும்.

வறட்சியையும் புகையையும் தாங்கி வளர்வதால் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் ஆலை மதிலோரங்களிலும் அரளி விரும்பி நடப்படுகின்றது. கும்மிடிப்பூண்டியில் ஆலையும் மேய்ச்சல் நிலமும் அடுத்தடுத்தே உள்ளன. செடியைக் கத்தரிப்போர் கழிவைப் புறம்போக்கில் கொட்டிச் செல்ல இடங்கொடுத்தல் கூடாது. வெட்டச் சொன்னவரே அதனை அன்றே அப்புறப்படுத்தி ஆழக் குழியில் புதைக்கவேண்டும் என்று ஊராட்சி விதித்தல் தகும். கொளுத்துவதும் தவறு, புகையும் தீங்கானது. குளத்தருகே போடலாகாது, இலை ஊறிய நீரும் ஆகாது. கிராம அதிகாரிகள் இதைச் சிறு காரியமென்று விடுவது சரியன்று. இறந்த கறவைமாட்டின் நஷ்டம் ஏழைக்குச் சிறிதன்று.

மனிதர் எவரேனும் தின்றுவிட்டால் கைவைத்தியத்தில் காலங்கழியாது, இருதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்க. தின்ற இலையையோ காயையோ உடன் எடுத்துச் சென்றால் வைத்தியருக்கு உதவியாகும். மாடு தின்றிருப்பின் அதனை நடத்தாமல் நிறுத்திவைத்துக் கால்நடை வைத்தியரை அழைக்கவும்.