பெயர் எழுதாத வெளியேற்றம்

"உங்க தாத்தா எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள். லகாட், பூசிங், பத்துகாஜா வட்டாரக் குடும்பங்களில் உடனே ஒரு பெயர் வரும். "ஏன் அங்கிருந்து கிளம்பினீர்கள்?" என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். "தோட்டத்தை வித்துட்டாங்க." அதோடு ஒரு குடும்பத்தின் கதை முடிந்துவிடுகிறது.

அயர்லாந்தில் இப்படி முடிவதில்லை. 1845இல் அங்கே உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள்; ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அந்த நேரத்தில் நிலப்பிரபுக்கள் பலர் குத்தகைக்காரர்களைத் துரத்திவிட்டுக் கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள். 1847இல் வந்த சட்டம் ஒன்று அதற்கு வழிவிட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் வேண்டுமானால், மிச்ச நிலத்தை ஒப்படைத்துவிட வேண்டும். அதை முன்மொழிந்தவர் வில்லியம் கிரகரி. இவரே பின்னாளில், 1872 முதல் 1877 வரை, இலங்கையின் ஆளுநராக இருந்தார். மதராஸ் மாகாணத்துப் பஞ்சத்துக்குத் தப்பி நம் மக்கள் அங்குள்ள காப்பித் தோட்டங்களுக்குப் போனதும் அவர் காலத்தின் கடைசியில்தான்.

இன்றைய ஐரிஷ் பேரப்பிள்ளை தன் குடும்பம் எப்போது, எங்கிருந்து துரத்தப்பட்டது என்று பல சமயம் கண்டுபிடித்துவிடுகிறார். காரணம் காகிதம். குத்தகைப் புத்தகத்தில் பெயர் இருந்தது. 1849 முதல் போலீஸ் கணக்கெடுத்தது. 1854 வரை ஏறத்தாழ 2,50,000 பேர் வெளியேற்றப்பட்டதாக அந்தக் கணக்கு சொல்கிறது. கிளேர் மாவட்டம் கில்ரஷ் பகுதியில் கேப்டன் ஆர்தர் கென்னடி என்ற அதிகாரி, இடிக்கப்பட்ட வீடுகளைப் பட்டியல் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற ஒரே பண்ணையிலிருந்து 1847இல் 1,490 பேர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1979இல் அந்த மாளிகை கைமாறியபோது பஞ்சக்காலக் கடிதங்களும் கணக்குகளும் உள்ளேயே கிடைத்தன. 1994இல் அங்கே பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நம் கதையில் அந்தக் காகிதம் ஏன் இல்லை? தோட்டத் தொழிலாளி குத்தகைக்காரர் அல்லர். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். ஏட்டில் அது வேலை நீக்கம் மட்டுமே. வீடு இழந்த குடும்பத்துக்கு அதில் வரி கிடையாது.

இது மூன்று முறை பெரிய அளவில் நடந்தது. 1930இல் தொடங்கிய மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். பின்னாளில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, மிச்சமிருந்த லயங்களும் போயின.

ஏட்டில் வரி இல்லை என்றாலும் தடயம் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் இருக்கும். அண்ணனுக்கு ஒரு தோட்டம், தம்பிக்கு வேறு தோட்டம் என்றால், இடையில் குடும்பம் நகர்ந்திருக்கிறது. ஊழியர் சேமநிதி 1951இல் வந்தது. தாத்தாவின் பழைய கணக்குச் சீட்டு வீட்டில் இருந்தால், முதலாளியின் பெயர் மாறிய ஆண்டையும் சந்தா நின்ற மாதத்தையும் பாருங்கள். தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு பார்க்கலாம். ஒரே மாதத்தில் பத்துப் பிள்ளைகள் விலகியிருந்தால், லயத்தில் என்ன நடந்தது என்பது விளங்கும். நிலம் எப்போது கைமாறியது என்பதை நில அலுவலகத்தில் கேட்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் முரசும் அதில் உண்டு. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடினால், விற்பனைச் செய்தியோ வேலைநிறுத்தச் செய்தியோ அகப்படலாம்.

ஆனால் தோட்டத்தின் பெயர் தெரிந்தால்தான் தேட முடியும். அந்தப் பெயர், கங்காணி யார், கடைசிப் பெரட்டு எந்த வருஷம், சாமியை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதெல்லாம் இப்போது எண்பது வயதைத் தாண்டியவர்களிடம்தான் இருக்கின்றன. ஐரிஷ்காரர்களுக்குப் பெட்டியில் கிடைத்தது, நமக்கு ஆட்களிடம் இருக்கிறது. பெட்டி 130 வருஷம் காத்திருந்தது. ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை பாட்டியைப் பார்க்கப் போகும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தோட்டத்தை வித்த அன்னிக்கு, பக்கத்து வீட்ல யார் யாரெல்லாம் இருந்தாங்க?" வரும் பெயர்களை அப்படியே எழுதி வையுங்கள். அந்த லயத்துக்கு இதுவரை யாரும் எழுதாத பட்டியல் அதுதான்.