பச்சை உடையில் பதினெட்டு ஆண்டுகள்



கால்பந்து பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் மெஸ்ஸியும் ரொனால்டோவும் நிறைந்திருப்பார்கள். இந்த மாதம் நான் எழுத விரும்புவது அந்த வரிசையில் யாரும் சேர்த்துப் பேசாத ஒருவரைப் பற்றி. அயர்லாந்தின் ராபி கீன். மான்செஸ்டர் யுனைடெட் கேப்டனாக இருந்த ராய் கீன் வேறு, இவர் வேறு. இருவரும் உறவினர்களும் அல்லர்.

நாட்டுக்காக 146 ஆட்டங்கள், 68 கோல்கள். இவருக்கு முன்னால் அயர்லாந்துக்காக அதிகக் கோல் அடித்திருந்தவர் நயல் குவின். அவருடைய கணக்கு 21. பழைய சாதனையை ஒன்றிரண்டு கோலில் முந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அதை மூன்று மடங்குக்கும் மேலே கொண்டுபோய் நிறுத்தியவர் இவர். அப்படியிருந்தும் ராபி கீன் என்றதும் "நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால்..." என்று இழுப்பவர்கள் அவருடைய ஊரிலேயே உண்டு. அந்த 'ஆனால்' நியாயமானதல்ல என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்த மாதப் பக்கம்.

1980 ஜூலை 8 அன்று டப்ளினில் பிறந்தவர். வளர்ந்தது நகரின் தென்மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் டாலா. டப்ளின் பெருகப் பெருக, அரசு கட்டித்தந்த வீடுகளில் உழைக்கும் குடும்பங்கள் வந்து குடியேறிய பகுதி அது. க்ரம்லின் யுனைடெட் என்ற உள்ளூர்ச் சிறுவர் அணியில் ஆடினார். அயர்லாந்தில் மக்கள்தொகையே ஏறத்தாழ 50 லட்சம்தான். அதிலும் ஓடியாடும் பிள்ளைகளில் பெரும்பங்கை, நாட்டின் மரபு ஆட்டங்களான கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும் எடுத்துக்கொள்ளும். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் பிழைப்பு தேட நினைத்த பையன் அந்தக் காலத்தில் பதினைந்து, பதினாறு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி இங்கிலாந்து போகவேண்டும். போனவர்களில் பலர் இரண்டே ஆண்டுகளில் கண்ணீரோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

ராபியை லிவர்பூலே அழைத்தது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்த வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அணியை. பெரிய அணியில் பென்ச்சில் காத்திருப்பதைவிட, சிறிய அணியில் சீக்கிரம் களமிறங்கலாம் என்ற கணக்கு. பதினைந்து வயதுப் பையனுக்கு இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று இன்றும் வியக்கிறேன். 1997 ஆகஸ்டில், 17 வயதில், நார்விச் மைதானத்தில் முதல் ஆட்டம். வுல்வ்ஸ் 2-0 என வென்றது. இரண்டு கோலும் அவருடையவை. அடுத்த மார்ச்சில் செக் குடியரசுக்கு எதிராக அயர்லாந்தின் பச்சை உடை கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த நெடும்பயணம். 1999-இல் 60 லட்சம் பவுண்டுக்குக் கோவென்ட்ரி சிட்டி வாங்கியது. பதின்வயது வீரருக்குப் பிரிட்டனில் அதுவரை கொடுக்கப்பட்ட அதிகபட்சத் தொகை. ஒரே ஆண்டில் 1.3 கோடி பவுண்டுக்கு இத்தாலியின் இன்டர் மிலான். அழைத்தவர் அதன் பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பி. சில மாதங்களில் லிப்பியின் பதவி பறிபோனது. அடுத்து வந்த பயிற்சியாளரின் திட்டத்தில் 20 வயது ஐரிஷ் பையனுக்கு இடமில்லை. லோன் முறையில் லீட்ஸ் யுனைடெட். அங்கே கோல்களாக அடித்ததும் லீட்ஸ் அவரை நிரந்தரமாகவே வாங்கியது. ஆனால் சாம்பியன்ஸ் லீகில் வரப்போகும் வருமானத்தை நம்பி லீட்ஸ் நிர்வாகம் கடனுக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. தகுதி கிடைக்காமல் போகவே, வீரர்களை ஒவ்வொருவராக விற்க வேண்டிய நிலை. 2002-இல் ரியோ ஃபெர்டினாண்ட் மான்செஸ்டருக்குப் போனார், ராபி கீன் 70 லட்சம் பவுண்டுக்கு டாட்டன்ஹாமுக்குப் போனார்.

ஓரிடத்தில் நிலைக்காதவர், அணிவிட்டு அணி தாவுகிறவர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான். புதிய அணியில் சேரும்போது, சிறுவயதில் இந்த அணிதான் எனக்குப் பிடிக்கும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லிவிட்டார் என்று ரசிகர்கள் கேலி செய்ததும் உண்டு. ஆனால் நடந்ததை நிதானமாகப் பாருங்கள். மிலானில் அவரை வேண்டாம் என்றது புதிய பயிற்சியாளர். லீட்ஸில் அவரை விற்றது கடன். இரண்டும் அவர் கையில் இல்லை. இருபத்திரண்டு வயதுக்குள் ஒருவரை இத்தனை கைகள் மாற்றிவிட்டு, பழியை அவர் மேலேயே போடுவது எந்த ஊர் நியாயம்?

நிலைத்து நிற்க இடம் கிடைத்தபோது அவர் என்ன செய்தார் என்பதற்கு டாட்டன்ஹாம் சாட்சி. அந்த ஆண்டுகளில் அவர் ஆடியதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எனக்குச் சலிப்பதே இல்லை. அவர் மின்னல் வேக ஓட்டக்காரர் அல்ல, உயரமும் சராசரிதான். எதிரணியின் தடுப்பு வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே ஒரு சந்து இருக்குமே, அங்கே போய் நின்றுகொள்வார். தடுப்பாளர் பின்தொடர்ந்து வந்தால் அவருக்குப் பின்னே இடம் காலியாகும். வராவிட்டால் ராபி பந்தோடு திரும்பிவிடுவார். திரும்பிவிட்டால் அவரை நிறுத்துவது சிரமம். பல்கேரியாவின் டிமிடார் பெர்பட்டோவுடன் சேர்ந்தபோது இது இன்னும் அழகானது. பெர்பட்டோவ் உயரமானவர், அவசரப்படாதவர், பந்து காலில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். அவர் பந்தை நிறுத்திவைக்க, ராபி சுற்றி ஓடுவார். 2006-07, 2007-08 ஆகிய இரண்டு பருவங்களிலும் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து இருவருமே 20 கோல்களைத் தாண்டினார்கள். 2008 பிப்ரவரியில் வெம்ப்ளியில் செல்சியை 2-1 என வென்று லீக் கோப்பையை டாட்டன்ஹாம் தூக்கியது. இங்கிலாந்தில் ராபி வென்ற பெரிய கோப்பை அது ஒன்றுதான். பிரீமியர் லீகில் அவருடைய மொத்தக் கோல்கள் 126.

கோப்பை வென்ற அந்த 2008-லேயே ஏறத்தாழ 2 கோடி பவுண்டுக்கு லிவர்பூல். பையனாக இருந்தபோது மறுத்த அதே அணி, இப்போது 7-ஆம் எண் உடையோடு. ஆறு மாதம்தான் நீடித்தது. பயிற்சியாளர் ரஃபேல் பெனிடெஸ் அவரை அடிக்கடி வெளியே உட்கார வைத்தார். 2009 பிப்ரவரியில் வந்த வழியே டாட்டன்ஹாம் திரும்பினார். அடுத்த ஆண்டு செல்டிக் அணிக்கு லோனில் போய், 19 ஆட்டங்களில் 16 கோல் அடித்துவிட்டு வந்தார்.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் நடுவே ஒரே ஒரு விஷயம் மாறவில்லை. அயர்லாந்து அழைக்கும்போதெல்லாம் வந்து நின்றார்.

2002 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். போட்டி தொடங்கும் முன்பே அயர்லாந்து முகாம் உடைந்திருந்தது. பயிற்சியாளர் மிக் மெக்கார்த்தியோடு மோதிக்கொண்டு கேப்டன் ராய் கீன் சைபான் தீவிலிருந்தே வீடு திரும்பிவிட்டார். நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டுக்கொண்டிருந்தது. ஜூன் 5, ஜப்பானின் இபராகி மைதானம், எதிரே ஜெர்மனி. 19-ஆவது நிமிடத்தில் க்ளோசே தலையால் முட்டி ஒரு கோல் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு அயர்லாந்து மோதிக்கொண்டே இருந்தது. கோல்கீப்பர் ஆலிவர் கான் தடுத்துக்கொண்டே இருந்தார். தொண்ணூறு நிமிடமும் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கத்திலிருந்து ஸ்டீவ் ஃபினன் நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த 35 வயது நயல் குவின் எகிறி, தலையால் அதைக் கீழே தட்டிவிட்டார். இரண்டு ஜெர்மன் தடுப்பாளர்களுக்கு நடுவே புகுந்த ராபி, பந்து நிலைகொள்ளும் முன்பே அடித்தார். கானின் கையிலும் பட்டு, கம்பத்திலும் மோதி, உள்ளே போனது. இறுதி ஆட்டத்துக்கு முன்பு அந்த உலகக் கோப்பையில் கானைத் தாண்டி வலைக்குள் போன ஒரே பந்து அதுதான்.

கோல் விழுந்ததும் ராபி எப்போதும் செய்வது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கையை ஊன்றிச் சக்கரம்போல் ஒரு சுற்று, உடனே ஒரு குட்டிக்கரணம், எழுந்து நின்று அம்பு எய்வதுபோல் ஒரு பாவனை. அன்றும் அதைச் செய்தார். தந்தது குவின், அடித்தது ராபி. இரண்டே ஆண்டுகளில் அந்தக் குவினின் 21 கோல் சாதனையையும் இவர் தாண்டினார் என்பதை நினைக்கும்போது அந்தக் காட்சி இன்னும் பிடித்துப்போகிறது.

நாக்-அவுட் சுற்றில் ஸ்பெயினுக்கு எதிராக, 90-ஆவது நிமிடத்தில் பெனால்டி. அடித்தால் ஆட்டம் தொடரும், தவறினால் வீடு. அதே ஆட்டத்தில் அயர்லாந்து ஏற்கெனவே ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தது. 21 வயது ராபி முன்வந்து அடித்தார், பதற்றமே இல்லாமல். பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் அயர்லாந்து 3-2 எனத் தோற்றது. அதிலும் ராபி அடித்தது உள்ளே போயிருந்தது.

இன்னொரு இரவும் உண்டு. அதைப் பற்றி எழுத இன்றும் மனம் கனக்கிறது. 2009 நவம்பர் 18, பாரிஸ். உலகக் கோப்பைக்கான ப்ளே-ஆஃப். டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்தில் பிரான்ஸ் 1-0 என வென்றிருந்தது. பாரிஸில் 33-ஆவது நிமிடத்தில் டேமியன் டஃப் இழுத்துக் கொடுத்த பந்தைக் கேப்டன் ராபி வலைக்குள் அனுப்பினார். கணக்கு சமம். பிரான்ஸ் ரசிகர்கள் தங்கள் அணியையே கேலி செய்யும் அளவுக்கு அயர்லாந்து அன்று ஆடியது. ராபிக்கே இன்னொரு வாய்ப்பும் வந்தது. கோல்கீப்பர் லோரிஸைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. கூடுதல் நேரத்தில் தியரி ஹென்றி பந்தைக் கையால் நிறுத்தி, சக வீரர் கலாஸுக்குத் தள்ளிவிட, அவர் தலையால் முட்டினார். உலகம் முழுக்கப் பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. உலகக் கோப்பை நடக்கவிருந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் கனவு அங்கேயே முடிந்தது. ராபி கீன் அதன் பிறகு உலகக் கோப்பையில் ஆடவே இல்லை. ஒரு நாட்டின் தலைசிறந்த கோல் வீரருக்குக் கிடைத்தது மொத்தம் ஒரே ஒரு உலகக் கோப்பை, நான்கே ஆட்டங்கள். அதில் மூன்று கோல்.

அந்த 'ஆனால்' பேர்வழிகளின் முக்கிய வாதத்துக்கு வருகிறேன். 68 கோல்களில் நிறைய சின்ன நாடுகளுக்கு எதிராக வந்தவை என்பார்கள். ஃபாரோ தீவுகள், மால்டா, ஜிப்ரால்டர் என்று பட்டியலும் போடுவார்கள். உண்மைதான். ஜிப்ரால்டருக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 18 நிமிடத்துக்குள் மூன்று அடித்தார். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கு எதிராகவும், பாரி நகரில் உலகச் சாம்பியன் இத்தாலிக்கு எதிராகவும் அடித்தவர் அதே ஆள்தான். சின்ன நாடுகளை வெல்வது தானாக நடக்கும் காரியமும் அல்ல. 2007-இல் சான் மரீனோவை வெல்ல அயர்லாந்து ஆட்டத்தின் கடைசி மூச்சு வரை போராட வேண்டியிருந்தது. மழை பெய்யும் புதன்கிழமை இரவில், யாரும் நினைவில் வைக்கப்போகாத ஆட்டத்தில், கிளப் மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொல்லும் நேரத்தில், விமானம் ஏறி வந்து அந்தக் கோலை யாராவது அடிக்கத்தானே வேண்டும்? காலில் லேசான வலி என்று சொல்லி இத்தகைய ஆட்டங்களைத் தவிர்த்த நட்சத்திரங்கள் எத்தனை பேர்! பதினெட்டு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவரை, எளிய கோல்களைப் பொறுக்கியவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2011-இல் அமெரிக்காவின் எல்.ஏ. கேலக்ஸிக்குப் போனார். ஓய்வூதியம் வாங்கப் போகிறார் என்றார்கள். அவர் அங்கே மூன்று முறை அமெரிக்க லீகான எம்.எல்.எஸ்.-இன் கோப்பையை வென்றார். 2014 இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல் அவருடையது. அந்த ஆண்டின் தலைசிறந்த வீரர் விருதும் அவருக்கே. இதில் நான் கவனிப்பது வேறொன்றை. அந்த ஆண்டுகளில் டப்ளினில் ஆட்டம் என்றால் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து அட்லாண்டிக் கடந்து வரவேண்டும். வந்தார். 2013 ஜூனில் ஃபாரோ தீவுகளுக்கு எதிராக 126-ஆவது முறையாகக் களமிறங்கி, அயர்லாந்துக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற சாதனையையும் தன்னுடையதாக்கினார். அன்றும் மூன்று கோல்.

2016 ஆகஸ்ட் 31 அன்று டப்ளினில் ஓமானுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். 36 வயது. அரை மணி நேரம் ஆனபோது, பந்தைத் தூக்கித் தடுப்பாளருக்கு மேலாக அனுப்பி, அது இறங்கும்போதே அடித்து வலையைக் குலுக்கினார். விடைபெறும் ஆட்டத்தில் சும்மா கையசைத்துவிட்டுப் போகும் வழக்கம் அவரிடம் இல்லை.

நம் நாட்டு ரசிகர்களும் அவரை நேரில் பார்த்திருக்கிறார்கள். 2017-18 ஐ.எஸ்.எல். பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு ஆட வந்தார். காயத்தால் தாமதமாகத்தான் இறங்க முடிந்தது. பருவத்தின் கடைசியில் பயிற்சியாளர் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்தார். அணி ஒன்பதாவது இடத்தில் முடிந்தது. (அந்தப் பருவத்தில் கோப்பை நம் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தது.) 2018 நவம்பரில் ஓய்வை அறிவித்தார்.

பிறகு பயிற்சியாளர். 2023-இல் இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணியை ஏற்றார். காசா போர் தொடங்கிய பிறகும் பருவம் முடியும்வரை பொறுப்பில் நீடித்தது அயர்லாந்தில் பலருக்கு ஆறாத வருத்தம். அவரைக் கொண்டாடியவர்களே கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. அவரை நேசிப்பவர்கள் அதைச் சொல்லாமல் கடந்துபோவதும் சரியல்ல. 2025 தொடக்கத்தில் ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ்வாரோஸ் அணிக்குப் போய் அந்த ஆண்டே லீக் பட்டம் வென்றார்.

ராபி சிறுவனாக இங்கிலாந்து போன காலம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு விதிகள் மாறிவிட்டன. 18 வயது நிறையாத ஐரிஷ் பையன்கள் முன்போல இங்கிலாந்து கிளப்புகளுக்குப் போக முடியாது. ராபி போன வழி இன்று அடைபட்டுவிட்டது. பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் அம்மா சமையலில், சொந்த ஊரில் வளர்வது நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர்களை வளர்த்தெடுக்க வேண்டிய உள்ளூர் கிளப்புகளிடம் பணம் குறைவு. டப்ளின், கார்க் நகரங்களின் சிறிய மைதானங்களில் அந்தப் பொறுப்பை இப்போது சுமப்பவர்களைப் பற்றி விரிவாகவே எழுதவேண்டும்.

ராபியை நினைவூட்டும் ஒருவரையும் சொல்லி முடிக்கிறேன். 2025 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அயர்லாந்து ஹங்கேரியை எதிர்கொண்டது. வென்றால்தான் ப்ளே-ஆஃப். டப்ளின் பையன், ராபியைப் போலவே டாட்டன்ஹாம் உடை அணிந்தவர், 23 வயது ட்ராய் பாரட், மூன்று கோல் அடித்தார். மூன்றாவது, 96-ஆவது நிமிடத்தில். ஆட்டம் நடந்த ஊர் புடாபெஸ்ட். ராபி அப்போது பயிற்சியாளராக இருந்த அதே ஊர். 68-ஐ நெருங்க பாரட்டுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. வரும் இதழ்களில் அவரையும் கவனித்துவருவோம். நீங்களும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்