பொறிக்குத் தாய்மொழி உண்டோ?

கணிப்பொறிக்கு ஆங்கிலமன்றிப் பிறமொழி விளங்காது என்று கற்றவரும் கூறித் திரிகின்றனர். 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த காமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறியே அக்கூற்றைப் பொய்யாக்கியது.

அதன் பேசிக்கு மொழி 8,192 பைட்டு அளவில் அழியா நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அதனடியில், அதே முகவரிகளில், எழுதி அழிக்கத்தக்க நினைவகமும் மறைந்து கிடந்தது. படித்தால் மேலடுக்கு விடைதரும். எழுதினால் கீழடுக்கிற் பதியும். இவ்வியல்பை அறிந்தோர் 40960 முதல் 49151 வரை ஒவ்வொரு பைட்டையும் படித்து, அவ்விடத்திலேயே திரும்ப எழுதினர். வீண்வேலை போலத் தோன்றும்! பின்னர் 1ஆம் முகவரியில் 54 என்னும் எண்ணை இட்டதும் மேலடுக்கு விலகியது. கீழே பதிந்த படியே மொழியாயிற்று. இனி ‘லிஸ்ட்’ என்னும் நான்கெழுத்துக் கட்டளையை வேறொரு நான்கெழுத்துச் சொல்லாக மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலம் பொறியின் பிறவிக்குணமன்று. ஆக்கியோர் இட்ட பெயரே.

எழுத்துருக்களையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துள் புதிதாய் வரையலாம். நம் ‘ட’ அதனுள் அடங்கும். ‘ணை’ இரண்டு கட்டம் கேட்கும்.

மின்னோட்டம் நின்றால் இவை யாவும் அழிந்து, பழைய ஆங்கிலமே முகங்காட்டும். ஆதலின் இம்மாற்றங்களைச் செய்யும் சிறு நிரலை நாடாவிற் பதிந்துவைத்து, பொறியை இயக்குந்தோறும் முதற்கண் ஏற்றுதல் வேண்டும்.