பத்து சென்ட் ஏடும் ஐந்தரைக் கோடிப் படமும்

சித்திரக் கதையைத் திரைப்படமாக்குவது கடினமான வேலை என்கிறார்கள். கடினம்தான், மறுப்பார் யார்? ஆனால் எது கடினம் என்று கேட்டால், பட முதலாளிகள் விரலை நீட்டும் இடம் ஒன்று. நாம் பார்க்கவேண்டிய இடம் வேறொன்று.

அமெரிக்காவின் சூப்பர்மேன் கதையையே எடுத்துக்கொள்வோம், தோழர்களே! நீல உடையும் சிவப்பு மேலங்கியுமாக உலகெங்கும் தெரிந்த அந்த வீரன், 1938 ஜூன் மாதத் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' ஏட்டின் முதல் இதழில் தோன்றினான். ஏட்டின் விலை 10 சென்ட். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷஸ்டர். கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள். பிழைக்க வழிதேடிக் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷஸ்டரின் தந்தை தையற்காரர். 13 பக்கக் கதைக்கு 130 டாலரை நீட்டி, கதையோடு கதாநாயகனையும் சேர்த்து, என்றென்றைக்குமாக எழுதி வாங்கிக்கொண்டது கம்பெனி.

தொடக்கத்தில் அவன் பறக்கவில்லை. தாவினான், ஒரே தாவலில் ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம்! தாளில் அது எளிது. ஒரு கட்டத்தில் தெருவில் நிற்பான், அடுத்த கட்டத்தில் மாடியில் நிற்பான். நடுவில் நடந்ததைப் படிப்பவன் மனமே வரைந்துகொள்ளும். அச்சகத்துக்கு ஒரு சென்ட் கூடுதல் செலவில்லை. திரையிலே அந்த இடைவெளியை யார் நிரப்புவது? காசுதான் நிரப்பவேண்டும். 1948-இல் கொலம்பியா கம்பெனி, கிர்க் ஆலின் என்ற நடிகரை வைத்து 15 பகுதிகள் கொண்ட தொடர்படம் எடுத்தது. காசு போதவில்லை. ஆகவே மனிதன் ஓடிவருவான். கிளம்பும் கணத்தில் மனிதன் மறைவான். கோட்டுச் சித்திரம் ஒன்று வானில் பறக்கும். இறங்கியதும் மீண்டும் மனிதன்! கொட்டகையிலே சிரித்திருப்பார்கள், சிரித்தவர்மேல் குற்றமில்லை.

முப்பது ஆண்டு கழித்து, 1978-இல், ரிச்சர்டு டோனர் இயக்கிய பெரும்படம் வந்தது. ஐந்தரைக் கோடி டாலர் செலவு. அந்தப் படத்துக்காக ஜோரான் பெரிசிக் என்ற தொழில் வல்லுநர் ஒரு வழி கண்டார். படம் பிடிக்கும் காமிராவின் லென்சையும், பின்னணியைத் திரையில் வீசும் கருவியின் லென்சையும் ஒன்றோடொன்று பிணைத்து, இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் நகரச் செய்தார். பின்னணி மாறாது, நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் தொங்கிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பார், பார்ப்பவர் கண்ணுக்கோ அவர் வானத்தைக் கிழித்துக்கொண்டு நம்மை நோக்கிப் பாய்ந்து வருவார். ஆஸ்கார் பரிசு தந்தார்கள். தகும். கைத்திறனைப் பாராட்ட நாம் தயங்கவேண்டியதில்லை.

ஆனால், பறந்தான் சரி, எதற்காகப் பறந்தான்?

பழைய ஏட்டைப் புரட்டுங்கள். முதல் இதழிலேயே, செனட்டரை விலைக்கு வாங்க முயலும் தரகன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு கம்பிகளின்மேல் ஓடி, நடுநடுங்க வைக்கிறான். மூன்றாம் இதழ்: ஒரு சுரங்கம் இடிகிறது. அடிபட்ட தொழிலாளி, ஆபத்து இருக்கிறதென்று முன்பே சொல்லியும் கேட்பாரில்லை என்கிறான். தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்கிறார் முதலாளி. (இந்தப் பதிலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதா?) சூப்பர்மேன் என்ன செய்தான்? முதலாளியைக் குத்துவிட்டுக் கொல்லவில்லை. சுரங்கத் தொழிலாளி வேடமிட்டு அவர் மாளிகை விருந்தில் நுழைந்து, பட்டுடுத்த விருந்தினரோடு அவரையும் சுரங்கத்துக்குள் இறங்கவைத்து, வாயிலை இடித்து அடைத்துவிட்டான். வைரம் பூண்ட விருந்தினர் மண்வெட்டி பிடித்தனர். வெளியே வந்த முதலாளி, இனிப் பாதுகாப்பான சுரங்கமாக்குவேன் என்று வாக்களித்தார்.

எட்டாம் இதழ், 1939 ஜனவரி: ஏழைச் சிறுவர்கள் திருடராவது அவர்கள் வாழும் இடிந்த குடியிருப்புகளால்தான் என்று கண்டு, அவற்றை வீரனே தகர்க்கிறான். அவனைத் தடுக்க வந்த விமானங்களின் குண்டுகள் மிச்சத்தையும் தரைமட்டமாக்க, அரசாங்கம் புது வீடுகள் கட்டித்தருகிறது. இடித்தால் வீடு வந்துவிடுமா என்று கேட்காதீர்கள், கதைதானே! ஆனால் கோபம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

ஐந்தரைக் கோடிப் படத்திலே அந்தச் சுரங்கம் இல்லை. குடியிருப்பும் இல்லை. வில்லன் லெக்ஸ் லூதர் நிலத்தரகு செய்கிறவன்தான். பாலைவனத்தை வாங்கிப் போட்டு, கலிபோர்னியாக் கரையைக் கடலில் மூழ்கடித்து விலையேற்றப் பார்க்கிறான். ஆனால் அவன் ஒரு கிறுக்கு மேதை, கோமாளி! ஊரார் வணங்கும் சுரங்க முதலாளி போனார், யாரும் தன்னை அடையாளம் காணமுடியாத பைத்தியக்காரன் வந்தான். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பணக்காரருக்கும் உறுத்தாது. 10 சென்ட் ஏட்டில் இரண்டு இளைஞர்கள் யாரையும் சாடலாம். ஐந்தரைக் கோடி போட்டவன் யாரைப் பகைப்பான்?

பழி முழுவதையும் திரையின்மேல் போடுவதும் நேர்மையாகாது. 1940-களின் தொடக்கத்திலேயே ஏட்டை நடத்திய கம்பெனி அந்தக் கத்தியின் கூரை மழுக்கிவிட்டது. திரையால் முடியாது என்றும் சொல்வதற்கில்லை. 1951-இல் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்து ஒரு சிறிய படம் வந்தது. ஒரு மணி நேரங்கூட ஓடாது. எண்ணெய்க் கிணறு தோண்டத் தோண்ட, நிலத்தடியில் வாழும் குள்ள மனிதர் வெளியே வருகிறார்கள். அயலாரைக் கண்டு அஞ்சிய ஊர்க்கும்பல் துப்பாக்கியோடு வேட்டைக்குக் கிளம்புகிறது. சுடப்பட்டு விழுந்த குள்ளனைக் கைகளில் தாங்கி மருத்துவமனையில் சேர்க்கும் வீரன், வாசலில் நின்று கும்பலின் துப்பாக்கிகளைப் பிடுங்குகிறான். பறக்கும் காட்சிக்குப் பணமில்லாத படம்! சீகலும் ஷஸ்டரும் எதை நினைத்து எழுதினார்களோ அது அங்கே இருந்தது.

அவ்விருவர் கதி என்னாயிற்று? உரிமை கேட்டு 1947-இல் வழக்காடினார்கள். சிறு தொகை கிடைத்தது, ஏட்டிலிருந்து பெயர் போயிற்று. 1975-இல் பெரும்படம் வரப்போகிறதென்று செய்தி பரவியபோது, சீகல் ஓர் அலுவலகத்தில் எழுத்தர்; ஷஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அந்தப் படம் நாசமாய்ப் போகட்டும் என்று சபித்து, பத்திரிகைகளுக்கு அறிக்கை அனுப்பினார் சீகல். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலிய சித்திரக்காரர்கள் தங்கள் தொழில் தோழர்களுக்காகக் களமிறங்கினார்கள். நாடு முழுதும் பேச்சாயிற்று. அதன் பிறகே, அந்த டிசம்பரில், வார்னர் கம்பெனி இறங்கிவந்து ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலரும், ஏட்டிலும் படத்திலும் படைத்தவர் பெயரும் என்று ஒப்புக்கொண்டது.

படத்தில் கதாநாயகனின் தந்தையாகச் சிறிது நேரமே தோன்றிய மார்லன் பிராண்டோவுக்குக் கொடுத்த சம்பளம் 37 லட்சம் டாலர். லாபத்தில் பங்கு வேறு. அந்தச் சம்பளத்தை மட்டும் எடுத்து சீகலுக்கும் ஷஸ்டருக்கும் ஆண்டுதோறும் அந்த 20,000 டாலரைக் கொடுத்துவந்திருந்தால், 92 ஆண்டு கொடுத்திருக்கலாம். ஷஸ்டர் 1992-இல் மறைந்தார், சீகல் 1996-இல்.