உளவியல் படிப்பு: பாதிக் கிணறு தாண்டலாமா?

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு. "பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம்?"

டாக்டர், இன்ஜினீயர், வக்கீல் என்று மட்டுமே சொன்ன காலம் ஒன்று உண்டு. இப்போது "நான் உளவியல் படிக்கப் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் பெற்றோர் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா? வேண்டவே வேண்டாம்" என்பது ஒன்று. "ஏதோ ஒரு டிகிரி. மூன்று வருஷம் படிக்கட்டும். பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்பது இன்னொன்று.

முதல் பேச்சு பிள்ளையைத் தடுக்கிறது. இரண்டாவது பேச்சு பிள்ளையைப் பாதி வழியில் இறக்கி விடுகிறது. இரண்டில் மோசமானது இரண்டாவதுதான். உளவியலில் மூன்று வருஷப் பட்டம் என்பது அஸ்திவாரம். அஸ்திவாரம் போட்டவுடன் யாராவது குடிபோக முடியுமா?

என்ன படிப்பு இது?

மனிதன் எப்படி நினைக்கிறான்? எப்படிக் கற்றுக் கொள்கிறான்? ஏன் மறக்கிறான்? தனியாக இருக்கும்போது சாது; கூட்டத்தில் சேர்ந்தால் கல் எறிகிறானே, ஏன்? இவற்றைச் சோதனை செய்து பார்த்துச் சொல்லும் விஞ்ஞானம்தான் உளவியல். மனோதத்துவம் என்பது இதன் பழைய பெயர்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில், வில்ஹெல்ம் வுண்ட் என்ற பேராசிரியர் 1879-ல் இதற்காக ஒரு சோதனைக் கூடம் அமைத்தார். இந்தியாவில் 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் இதற்குத் தனித் துறை தொடங்கியது.

ஆகவே, இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. முகத்தைப் பார்த்து மனதில் உள்ளதைச் சொல்லும் வித்தையும் அல்ல.

கணக்கு வரும்!

"கணக்குக்குப் பயந்துதான் உளவியலில் சேர்ந்தேன்" என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. சேர்ந்த பிறகு விழிக்கிறார்கள். ஏனென்றால் இந்தப் படிப்பில் புள்ளியியல் என்ற கணக்குப் பாடம் இருக்கிறது.

ஏன் அது தேவை? முப்பது மாணவர்களை இரண்டு கூட்டமாகப் பிரிப்பதாக வைத்துக் கொள்வோம். ஒரு கூட்டம் இரவு நன்றாகத் தூங்குகிறது. இன்னொரு கூட்டம் கண் விழிக்கிறது. காலையில் எல்லோருக்கும் இருபது சொற்களைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். தூங்கியவர்கள் சராசரியாக 14 சொல் சொல்கிறார்கள். விழித்தவர்கள் 12 சொல் சொல்கிறார்கள். இந்த வித்தியாசம் தூக்கத்தால் வந்ததா, தற்செயலாக வந்ததா? கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

மூளை, நரம்பு பற்றிய பாடமும் உண்டு. குழந்தை வளர்ச்சி, சமூக உளவியல், மனநோய்கள், ஆராய்ச்சி முறை என்று மற்ற பாடங்களும் உண்டு. சேருவதற்கு முன்பே பாடத்திட்டத்தை வாங்கிப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து படித்துப் பார்ப்பது நல்லது.

டாக்டர் வேறு, இவர் வேறு

மனநோய்க்கு மருந்து எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். பி.எஸ்ஸி. உளவியல் படித்தவர் அந்த வழியாக மருத்துவர் ஆக முடியாது. மருந்து கொடுக்கும் ஆசை இருந்தால் 'நீட்' தேர்வுக்குத்தான் தயாராக வேண்டும்.

மருத்துவ உளவியலாளர் என்பவர் வேறு. நோயாளியோடு முறைப்படி பேசி, சோதனைகள் செய்து, பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருகிறவர் அவர். அந்தத் தொழிலைச் செய்ய, 1992-ம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பட்டம் மட்டும் போதாது.

அந்தப் பதிவுக்குப் பல வருஷங்களாக இருந்த வழி இதுதான்: மூன்று வருஷப் பட்டம், இரண்டு வருஷ முதுகலை, அதற்கு மேல் இரண்டு வருஷ எம்.பில். மொத்தம் ஏழு வருஷம். இப்போது எம்.பில். போய், வேறு படிப்புகள் அதன் இடத்துக்கு வருகின்றன. எனவே அண்ணன் படித்த காலத்து விதியை நம்பித் தம்பியைச் சேர்க்கக் கூடாது. சேரும் வருஷத்து விதியைக் கவுன்சிலின் இணைய தளத்தில் பார்க்க வேண்டும்.

பலகை மாட்டினால் போதுமா?

மூன்று வருஷத்தோடு நிறுத்தியவர்களில் சிலர் என்ன செய்கிறார்கள்? "மன ஆலோசகர்" என்று வாசலில் பலகை மாட்டி விடுகிறார்கள்.

நஷ்டம் யாருக்கு? கடன் தொல்லையிலோ காதல் தோல்வியிலோ உயிரை விடலாம் என்று நினைத்து ஒருவர் வருகிறார். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரியாதவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கத்தி பிடிக்கத் தெரியாதவர் ஆபரேஷன் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அரைகுறைப் படிப்பு படித்தவரை மட்டும் கெடுப்பதில்லை. நம்பி வந்தவரையும் கெடுக்கிறது.

வீட்டில் போட வேண்டிய கணக்கு

முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். பிறகு படிப்பை அமையுங்கள்.

மருத்துவமனையில் சிகிச்சை தரும் வேலையா? பட்டத்துக்கு மேலும் பல வருஷத்துக்குத் திட்டம் போட வேண்டும். கல்லூரி ஆசிரியர் வேலையா? முதுகலையும், 'நெட்' அல்லது 'செட்' தேர்வும் வேண்டும். முனைவர் பட்டம் இருந்தால் இன்னும் நல்லது. கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலையா? பட்டத்துக்குப் பிறகு நிர்வாகப் படிப்பு கை கொடுக்கும்.

சர்க்கார் உத்தியோகமா? ஏதாவது ஒரு பட்டம் போதும் என்று சொல்லும் தேர்வுகள் பல உண்டு. ஐ.ஏ.எஸ். தேர்வில் விருப்பப் பாடமாக உளவியலும் இருக்கிறது.

இப்படி யோசித்து மூன்று வருஷத்தோடு நிறுத்தினால் தவறே இல்லை. யோசிக்காமல் நிறுத்துவதுதான் தவறு.

தபால் வழி இல்லை

"வேலை பார்த்துக் கொண்டே தபால் மூலம் படிக்கட்டும்" என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். உளவியலைத் தொலைதூரக் கல்வியாகவோ இணைய வழியாகவோ நடத்தக் கூடாது என்று 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்தது. அந்த வருஷத்து ஜூலை-ஆகஸ்டு சேர்க்கையிலிருந்தே தடை. யாராவது புதிதாக அப்படிச் சேர்க்கிறேன் என்று பணம் கேட்டால், மானியக் குழுவின் அறிவிப்பைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நேரில் படிக்கும் கல்லூரியிலும் நாலு கேள்வி கேளுங்கள். உளவியல் சோதனைக் கூடம் இருக்கிறதா? ஆசிரியர்கள் உளவியலிலேயே முதுகலை படித்தவர்களா? மாணவர்களை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா? இங்கே படித்தவர்கள் மேலே எங்கே சேர்ந்தார்கள்? பதில் சொல்லத் தயங்கும் கல்லூரி வேண்டாம்.

பெண் பிள்ளை என்றால்?

பெண் உளவியலில் பட்டம் வாங்கியதும் ஜாதகத்தை எடுக்கும் வீடுகள் உண்டு. "மேலே படிப்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்கிறார்கள். பிறகு புகுந்த வீடு, குழந்தை, சமையல். படிப்பு பெட்டியில் தூங்குகிறது.

கல்யாணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் படிப்பில் சேர்க்கும்போதே அப்பாவும் அம்மாவும் வாக்குக் கொடுக்க வேண்டும்: "நீ எடுத்த வழி முடியும் வரை நாங்கள் குறுக்கே வர மாட்டோம்." அந்த வாக்கைக் கொடுக்க முடியாது என்றால், அதையும் இப்போதே சொல்லி விடுவது நியாயம். மூன்று வருஷத்தில் வேலை தரும் வேறு படிப்பைப் பெண் தேர்ந்தெடுத்துக் கொள்வாள்.

தேவை இருக்கிறது

2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் குறை இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. 2022-ல் மத்திய சர்க்கார் 14416 என்ற இலவசத் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. போனை எடுத்துப் பேசுவதற்கும் படித்த ஆள் வேண்டும் அல்லவா?

"கீழ்ப்பாக்கம்" என்று சொல்லிக் கேலி செய்வது இன்னும் நம்மிடம் இருக்கிறது. அங்கே இருக்கும் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கிய ஸ்தாபனத்தின் வழி வந்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாக ஜனங்களின் துயரத்தைத் துடைக்கும் இடத்தைக் கேலிச் சொல்லாக்கியது யார்? நாம்தான். அந்தக் கேலிக்குப் பயந்து ஒரு நல்ல பிள்ளையின் படிப்பைத் தடுக்க வேண்டாம்.

பொறுமையாகக் கேட்கும் குணமும், மேலும் மேலும் படிக்கும் ஆசையும், கணக்கைக் கண்டு ஓடாத மனமும் பிள்ளையிடம் இருந்தால் உளவியலில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் முதல் வருஷக் கட்டணம் கட்டும் முன்பே, கடைசி வருஷம் எது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கிணற்றைத் தாண்டுவது என்றால் முழுதும் தாண்ட வேண்டும்.